மார்ஃபினும் பாவமும்: ‘இயற்கையாப் போகட்டும்’ என்பது இயற்கைச் சட்டம் அல்ல

புற்றுநோய் முற்றி வலியில் துடிக்கிறவருக்கு மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்தைக் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்ததும் கத்தோலிக்கக் குடும்பங்களில் யாராவது ஒருவர் சொல்வார்: “இயற்கையாப் போகட்டும், மருந்து கொடுத்து நாமே முடிச்ச பாவம் வேணாம்.” திருச்சபையின் இயற்கைச் சட்டம் இதைத்தான் கேட்கிறது என்று நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது கேட்பது வேறு.

‘இயற்கைச் சட்டம்’ என்ற சொல்லில் உள்ள ‘இயற்கை’, தானாக நடப்பதைக் குறிப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலார் தாமஸ் அக்குவினாஸ் பேசியது பகுத்தறிவுள்ள மனிதனின் இயல்பைப் பற்றி. நன்மையைச் செய், தீமையை விலக்கு என்பது முதல் விதி. உயிரைக் காப்பது, பிள்ளைகளை வளர்ப்பது, உண்மையைத் தேடுவது, கூடி வாழ்வது என மனித இயல்பு எவற்றை நாடுகிறதோ அவற்றை அறிவு நன்மைகளாகக் கண்டுகொள்கிறது. வலியும் தானாகத்தான் வருகிறது. அதற்காக அதைத் தொடக்கூடாது என்று ஆகிவிடாது.

உயிர் அடிப்படை நன்மை என்பதால் குற்றமற்றவரை வேண்டுமென்றே கொல்லக் கூடாது. இதில் விலக்கு கிடையாது. ஒரே செயலில் நல்லதும் கெட்டதும் சேர்ந்து வந்தால்தான் சிக்கல். தற்காப்பைப் பற்றி எழுதும்போது அக்குவினாஸ் இதைத் தொட்டார்: தன் உயிரைக் காப்பதே நோக்கம், தாக்கியவன் சாவது நோக்கத்துக்குப் புறம்பானது, ஆனால் தேவைக்கு மேல் பலத்தைப் பயன்படுத்தினால் குற்றம். பின்வந்த அறநெறி இறையியலார் இதை நான்கு நிபந்தனைகளாக வடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயேசு சபைக் குரு கூரி அதற்குப் பாடநூல் வடிவம் கொடுத்தார். செயல் தன்னளவில் தீயதாக இருக்கக் கூடாது. கெட்ட விளைவை நாடக் கூடாது. நல்லது, கெட்டதன் வழியாக வந்து சேரக் கூடாது. கெட்டதைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குக் கனமான காரணம் வேண்டும். இதுதான் இரட்டை விளைவு நெறி.

இதைப் படுக்கையருகே வைத்துப் பாருங்கள். மார்ஃபின் பழக்கமில்லாத நோயாளிக்கு வாய்வழியாக 5 மி.கி., 4 மணிக்கு ஒருமுறை என்று தொடங்குவது வழக்கம். தளர்ந்த முதியவருக்கு அதில் பாதி. வலி அடங்கவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி கூட்டுவார்கள். அளவு மிஞ்சினால் மூச்சு குறையும், ஆனால் பொதுவாக அதற்கு முன்பே தூக்கக் கலக்கம் தலைகாட்டும். அப்போது நிறுத்திப் பார்ப்பார்கள். இங்கே நோக்கம் யாருடைய மனசுக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை, மருந்துச் சீட்டிலேயே தெரிகிறது. வலி அடங்கிய பிறகும் காரணமில்லாமல் அளவை ஏற்றிக்கொண்டே போனால், வாய் என்ன சொன்னாலும் அந்தச் சீட்டு வேறு கதை சொல்லும். இன்னொன்று: இப்படி அளந்து ஏற்றும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பது அரிது. ஆகவே பெரும்பாலும் இரட்டை விளைவு நெறி வரைக்கும் போக வேண்டிய தேவைகூட இல்லை. பாடநூல்கள் இன்னும் இந்த நெறிக்கு மார்ஃபினையே உதாரணமாகக் கட்டிக்கொண்டு அழுவதுதான் வீட்டாரின் பயத்தை வளர்க்கிறது என்பேன்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: “என் எண்ணம் நல்லது, அது போதும்.” எண்ணத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால் எதையும் செய்யலாம் என்ற இந்த வித்தையை பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் 1656இலேயே கிண்டலடித்துவிட்டார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட வைத்த முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு 1956இல் ஆக்ஸ்ஃபோர்டு கௌரவப் பட்டம் கொடுத்தபோது எதிர்த்து நின்ற மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கம், கத்தோலிக்கர். அவர் வாதத்தின் சாரம் இது: போரை முடிப்பது நோக்கமாகவே இருக்கட்டும், ஹிரோஷிமாவில் அந்த முடிவுக்கு வழியாக அமைந்தது ஊர்மக்களின் சாவு. அதாவது மூன்றாவது நிபந்தனையிலேயே கணக்கு உடைந்துவிடுகிறது.

இந்த நெறி முட்டுச்சந்தில் போய் நிற்கும் இடமும் இருக்கிறது. கருக்குழாயில் கரு தங்கிவிட்டால் குழாயோடு அகற்றுவதைக் கத்தோலிக்க அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். கருவின் வளர்ச்சியை நிறுத்தி, குழாயைக் காப்பாற்றும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. இரண்டிலும் கரு பிழைப்பதில்லை. ஒன்றில் பெண் ஒரு குழாயையும் இழக்கிறாள். கருவின் சாவு ‘நேரடி’யா, ‘மறைமுக’மா என்று நுணுக்கம் பேசுகிறவர்கள் நான்காவது நிபந்தனையின் தராசில் அவள் இழப்பையும் வைக்க வேண்டும். வைப்பவர்கள் குறைவு.

மார்ஃபினுக்கு வருவோம். மயக்கவியல் மருத்துவர்கள் இதையே திருத்தந்தையிடம் நேராகக் கேட்டார்கள். ஆயுள் குறையலாம் என்றாலும், வேறு வழியில்லை, நோயாளியின் மற்ற கடமைகளுக்குத் தடையில்லை என்றால் கொடுக்கலாம் என்று 1957 பிப்ரவரியில் பதில் சொன்னார் திருத்தந்தை 12ஆம் பயஸ். வீடுகளில் விட்டுப்போவது அந்தக் கடைசிப் பாதிதான். நினைவு மங்கும் அளவுக்கு மருந்து ஏறப்போகிறது என்று மருத்துவர் சொன்னால், அதற்கு முன்பே நோயாளியிடம் கேட்டுவிடுங்கள்: பங்குத்தந்தையைக் கூப்பிடவா, யாரைப் பார்க்கணும், உயில் எழுத ஏதும் பாக்கியா? பதில் அவர் வாயிலிருந்து வரட்டும், மூத்த மகன் வாயிலிருந்து வேண்டாம்.