"அப்ரூவ்டு" என்று வந்த பிறகுதான் கதையே ஆரம்பம்

பாப்பா பிறந்து ஏழு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. 2024இல் பிரசவ விடுப்பில் இருந்தபோது வாஷிங்டன் மாநில அரசின் விடுப்புப் பணத் திட்டத்திலிருந்து எனக்கு வந்த பணத்தில் இரண்டு வாரத் தொகை எனக்குச் சேர வேண்டியது இல்லையாம். 2,912 டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம். "ஏதாவது ஸ்கேமா இருக்கும், கிழிச்சுப் போடு" என்றார் வீட்டுக்காரர். நல்லவேளை, கிழிக்கவில்லை. ஸ்கேமும் இல்லை.

சியாட்டில் பக்கம் நம்மாட்கள் கூடும் இடங்களில் இந்த விடுப்புப் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே கேள்விதான்: "நமக்குக் கிடைக்குமா?" கிடைக்கும் என்று தெரிந்ததும் பேச்சு பாப்பாவுக்கு என்ன பெயர் என்பதற்குத் தாவிவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சரி, முதலில் அந்தக் கேள்வி. விசா என்ன என்று இந்தத் திட்டம் பார்ப்பதில்லை. எத்தனை மணி நேரம் வேலை செய்தாய் என்றுதான் பார்க்கிறது. வாஷிங்டனில் 820 மணி நேரம் வேண்டும். இரண்டு மூன்று கம்பெனியில் சேர்த்துச் செய்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் முடிந்துபோன காலாண்டுகள்தான் கணக்கு. நடந்துகொண்டிருக்கும் காலாண்டு சேராது. இதில் மாட்டுபவர்கள் நிறைய. டெக்சாஸிலிருந்து ஜனவரியில் இங்கே வந்து முழுநேர வேலையில் சேர்ந்த ஒருவர் ஜூன் கடைசியில் விண்ணப்பித்தால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் கணக்கு: 13 வாரம், 520 மணி நேரம். தகுதி இல்லை. அதே ஆள் ஜூலையில் விண்ணப்பித்தால் இரண்டு காலாண்டு சேர்ந்து 1,040 ஆகிவிடும். டெக்சாஸில் பத்து வருடம் உழைத்திருந்தாலும் அந்த மணிகளுக்கு இங்கே மதிப்பில்லை.

இன்னொன்று, நம் குடும்பங்களுக்கு முக்கியமானது. மாமியார், மாமனாரைப் பார்த்துக்கொள்ளவும் இங்கே விடுப்புப் பணம் உண்டு. 1993இல் வந்த மத்திய அரசு விடுப்புச் சட்டத்தில் அவர்கள் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. அந்தச் சட்டம் சம்பளமும் தராது, வேலையை மட்டும்தான் காப்பாற்றும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி என் கதை. தகுதி இருக்கிறது என்று கடிதம் வந்ததும் பணம் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு வாரமும் திட்டத்தின் இணையதளத்துக்குள் போய், போன ஞாயிறு முதல் சனி வரைக்கான கிளெய்மைப் போட வேண்டும். இந்த வாரம் வேலை செய்தாயா? சம்பளத்தோடு லீவ் எடுத்தாயா? இப்படிச் சில கேள்விகள். அதாவது தகுதி ஒரே ஒரு தடவை தீர்மானமாவதில்லை, வாராவாரம் புதிதாகத் தீர்மானமாகிறது. இது எனக்குப் புரிந்தது கடிதம் வந்த பிறகுதான்.

அந்த இரண்டு வாரமும் கிளெய்ம் போட்டவர் வீட்டுக்காரர். ஞாயிறு ராத்திரி, தோளில் பாப்பா, கையில் போன். நான் அம்மா வைத்துக் கொடுத்த பூண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். சம்பளத்தோடு லீவ் எடுத்தாயா என்பதற்கு "இல்லை" என்று தட்டிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை, நாங்கள் யாரிடமும் லீவ் கேட்கவே இல்லையே. ஆனால் என் கம்பெனி ஹெச்.ஆர். அந்த இரண்டு வாரத்துக்கும் என் சேமிப்பு லீவை எடுத்து முழுச் சம்பளம் போட்டிருந்தது. பேஸ்லிப்பில் அது தெரிந்தபோது இரண்டு கிளெய்மும் போயாகிவிட்டது. பேஸ்லிப்பை யார் பார்த்தது!

இங்கேதான் நுணுக்கம். கம்பெனி அந்த லீவ் சம்பளத்தை அரசுப் பணத்துக்கு மேல் தரும் கூடுதல் உதவி என்று அறிவித்திருந்தால், அதைக் கிளெய்மில் காட்டவே வேண்டாம், இரண்டு பணமும் நமக்கே. அப்படி அறிவிக்காவிட்டால் அதே லீவ், அதே சம்பளம், ஆனால் அந்த மணிகளுக்கு அரசுப் பணம் கிடையாது. 40 மணி லீவ் என்றால் அந்த வாரத்துக்குப் பூஜ்யம். அப்போது வாரத்துக்கு அதிகபட்சம் 1,456 டாலர், அது இரண்டு முறை. என் தலைவிதி ஹெச்.ஆரின் ஒரு வார்த்தையில் இருந்திருக்கிறது, அந்த வார்த்தையை நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

கடிதம் அனுப்பியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் லீவ் எடுக்கப் போகிற பெண்ணுக்குக் கேக் வெட்டி, டயப்பர் கூடை கொடுத்து, இந்த ஒரு வரியை மட்டும் சொல்லாமல் அனுப்பும் கம்பெனிகள்மேல்தான். பத்து நாள் தூங்காத ஆளிடம் வாராவாரம் கணக்குக் கேட்கும் முறையும் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "உன் சமீபத்திய பேஸ்லிப்பைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்" என்று அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே ஒரு வரி இருந்திருந்தால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை மிச்சமாகியிருக்கும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இப்படிக் கடிதம் வந்தவர்கள் வெளியே சொல்வதில்லை. ஏதோ திருடிவிட்ட மாதிரி கூச்சம். விசா என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. அதிகமாகப் பணம் வாங்கியதும் வேண்டுமென்றே பொய் சொன்னதும் ஒன்றல்ல, சட்டமே இரண்டையும் வேறுவேறாகத்தான் பார்க்கிறது. பயத்தில் அன்றைக்கே முழுப் பணத்தையும் கட்டாதீர்கள், மூடி வைத்துவிடவும் செய்யாதீர்கள். எந்த வாரம், என்ன காரணம் என்று பேஸ்லிப்போடு ஒத்துப் பாருங்கள். கணக்கு தப்பு என்றால் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. நாங்கள் பார்த்தோம், தப்பு எங்களுடையதுதான். தவணையில் கட்டி முடித்தோம்.

போன மாதம் தோழி ஒருத்தி மதுரையில் இருக்கும் மாமியாரின் ஆபரேஷனுக்காக விடுப்பு எடுத்தாள். ஞாயிறு ராத்திரியானால் அவளிடமிருந்து போன் வந்துவிடும். "அக்கா, இந்த வாரம் என்ன போடட்டும்?"

"ஹெச்.ஆர். மெயில் வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப அவங்களுக்கு மறுபடி ஒரு மெயில் போடு. பதில் வரட்டும், அப்புறம் கிளெய்மைத் தொடு."