டயோடை மாற்றினால் ரிலே வேகமாக விடுமா?

ரிலே என்பது காயிலின் காந்தத்தால் கான்டாக்டைச் சேர்த்துப் பிரிக்கும் ஸ்விட்ச்; கரண்டு நின்றதும் கான்டாக்ட் பிரிவதைத்தான் ரிலே 'விடுவது' என்கிறோம். டயோடு என்பது கரண்டை ஒரே திசையில் விடும் பாகம். "ரிலே காயிலுக்குக் குறுக்கே உள்ள 1என்4007 மெதுவான டயோடு; 1என்4148 போட்டால் ரிலே சட்டென்று விடும்" என்று ஒரு குறிப்பு சுற்றி வருகிறது. இது தவறு.

டயோடுகளின் வேக வித்தியாசம் மைக்ரோசெகண்டு கணக்கு. ரிலே விடுவதோ மில்லிசெகண்டு கணக்கு. தாமதம் வேறு இடத்தில் இருக்கிறது. காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் ஆஃப் ஆனதும் காயில் கரண்டு டயோடு வழியாகவே சுற்றிச் சுற்றி ஓடும். அதை எதிர்ப்பது டயோடின் 0.7 வோல்ட்டும் காயிலின் ரெசிஸ்டன்ஸும்தான். அதனால் காந்தம் மெல்ல மெல்லத்தான் தளரும். கான்டாக்ட் தயங்கிப் பிரியும்போது ஆர்க் (மின்பொறி) நீண்டு முனை கருகும், சில நேரம் ஒட்டியே போகும். இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? டயோடுக்குத் தொடராக ஒரு 24 வோல்ட் ஜீனரை (எதிர்த்திசையில் குறிப்பிட்ட வோல்ட் வந்தால்தான் கரண்டை விடும் டயோடு) எதிர்த்திசையில், ஆனோடோடு ஆனோடு சேரும்படி போடுங்கள். எதிர் வோல்டேஜ் கூடுவதால் கரண்டு சீக்கிரம் விழும். 12 வோல்ட் சப்ளை என்றால் டிரான்சிஸ்டர் 36.7 வோல்ட் (12 + 24 + 0.7) தாங்க வேண்டும். பிசி547 டிரான்சிஸ்டரின் எல்லை 45 வோல்ட், போதும். அப்புறம், வேகம் வேண்டும் என்று டயோடையே கழற்றிவிடாதீர்கள், காயிலின் எதிர் வோல்டேஜ் எகிறி டிரான்சிஸ்டர் போய்விடும்.