கூலர் மாற்றினாலே வாரண்டி போய்விடாது

நண்பரே, கம்ப்யூட்டர் ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரைப் பற்றி, “வேறு கூலர் மாட்டினாலே ப்ராசஸர் வாரண்டி காலி, பழையதை மாட்டிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி அனுப்புங்கள்” என்று சொல்லியிருக்கிறீர்கள், இதை நம்பி யாராவது அப்படியே செய்தால் அவருக்குத்தான் நஷ்டம். 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறை முதல் இன்டெல் தன் கே வகை (வேகத்தைக் கூட்டிக்கொள்ளக்கூடிய) டெஸ்க்டாப் ப்ராசஸர்களைப் பெரும்பாலும் கூலர் இல்லாமலே விற்கிறது, அதாவது வெளிக் கூலர் மாட்டுவதே அங்கே எதிர்பார்க்கப்படுகிற வழி.

வாரண்டியில் அடிபடுவது மாட்டும்போதும் கழற்றும்போதும் நாம் உண்டாக்கும் சேதம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும், நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோன கூலரை நேராக மேலே இழுத்தால் சாக்கெட்டின் லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எனக்கே அப்படி நடந்தது, ஒரு மூலையில் நாலைந்து பின்கள் படுத்துக் கிடந்தன, வாரண்டியில் அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது, அவர்கள் செய்தது சரிதான். சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பை எடுத்த பிறகு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிக் கழற்றியிருக்க வேண்டும்.

இன்டெலின் எல்ஜிஏ, ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் வகைகள் என்றால் பின்கள் போர்டின் சாக்கெட்டில். அங்கே ஒன்று வளைந்தாலும் போர்டுதான் போகும், ஒரு ரேம் ஸ்லாட் மட்டும் வேலை செய்யாமல் போவதும் உண்டு. அப்புறம், பேஸ்டுக்குப் பதிலாக வரும் லிக்விட் மெட்டலை (திரவ உலோகம்) அலுமினியம் கூலரில் தடவவே தடவாதீர்கள், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.

அனுப்பும் முன் சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், எந்தக் கூலர் மாட்டினீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.