வாட்ஸ்அப்பை வெட்டிவிட்டு யாரோடு கதைப்பது?

லைட் ஃபோன் மாதிரி, கவனத்தைக் கலைக்கும் செயலிகளைத் தவிர்த்துச் செய்யும் எளிய போன்களில் வாட்ஸ்அப்பைச் சேர்க்கவே கூடாது என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. மகளின் ரியூஷன் நேரம் மாறினால் வகுப்புக் குழுவில்தான் போடுகிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அம்மாவோடு கதைப்பதும் அதில்தான். அம்மா குளிசை அட்டையைக் கமராவுக்கு நேரே பிடிப்பா, அண்ணா மருந்தின் பெயரை வாசித்து எப்போது போடவேண்டும் என்று சொல்லுவார். எஸ்எம்எஸ்ஸில் இது நடக்குமா?

தனியுரிமைப் பயம் நியாயமானதுதான். 2016 முதல் வாட்ஸ்அப்பில் நாங்கள் எழுதுவது, இடையில் யாரும் வாசிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டே போகிறது. ஆனால் யாரோடு, எப்போது கதைத்தோம் என்ற விபரம் வாட்ஸ்அப்பின் சொந்தக்கார நிறுவனமான மெட்டாவின் கைக்குப் போகிறதே! அதற்காகச் செயலியையே தூக்கினால் சனம் இரண்டாவது போன் ஒன்றை வைத்துக்கொள்ளும், அதில் எல்லாக் குப்பையும் இருக்கும். புங்க்ட் எம்பி02 என்ற இன்னொரு எளிய போனில் சிக்னல் என்ற செய்திச் செயலி வழியாகச் செய்தி அனுப்ப இடம் வைத்தார்கள். வாட்ஸ்அப்புக்கும் அப்படிச் செய்யலாம். அழைப்பும் குழுவும் போதும், ஸ்டேட்டஸ் வேண்டாம்.

எஸ்எம்எஸ்ஸையும் கைவிடாதீர்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வாட்ஸ்அப்பை முடக்கிய நாட்களில், “நாங்கள் சுகம்” என்று அண்ணாவுக்கு எஸ்எம்எஸ்ஸில்தான் அனுப்பினேன்.