பாபி ஓர்: அந்தப் படத்துக்குச் சில நொடி முன்னால்

பாஸ்டன் அணியின் ஐஸ் ஹாக்கி தடுப்பாட்டக்காரர் பாபி ஓர் பேச்சு வந்தாலே எல்லாரும் பகிர்வது அந்த ஒரு படத்தைத்தான். 1970 மே 10, பாஸ்டன் கார்டன் அரங்கம். கோல் அடித்துவிட்டுக் கைகளை விரித்தபடி அந்தரத்தில் மிதக்கிறார். அருமையான படம்தான். ஆனால் அவர் யார் என்று தெரிய வேண்டுமானால் வீடியோவைச் சில நொடி பின்னுக்கு ஓட்டிப் பாருங்கள்.

கூடுதல் நேரம் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. எதிரணியான செயின்ட் லூயிஸ், பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) தன் பகுதியிலிருந்து வெளியேற்றப் பார்க்கிறது. இந்த இடத்தில் தடுப்பாட்டக்காரர் எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டை விட்டுப் பின்வாங்க வேண்டும் என்பது பாலபாடம். முன்னால் பாய்ந்து பக்கைத் தவறவிட்டால், பின்னால் மிஞ்சுவது இன்னொரு தடுப்பாட்டக்காரரும் கோலியும்தான். எதிரணியின் இரண்டு பேர் அந்த ஒருவரை நோக்கி வருவார்கள். பாபி பின்வாங்கவில்லை. களத்தைச் சுற்றியுள்ள பலகையின் வலப்பக்க ஓரம் இறங்கி மறித்தார், சக வீரர் டெரிக் சாண்டர்சனுக்குத் தட்டிவிட்டார், நிற்காமல் வலையை நோக்கிச் சறுக்கினார். திரும்பி வந்த பக் கோலி கிளென் ஹாலின் கால்களுக்கு நடுவே உள்ளே போனது. 40-வது நொடி. செயின்ட் லூயிஸ் வீரர் நோயல் பிக்கார்டின் மட்டை அவரை இடறித் தூக்கிவிட்டது அதற்கப்புறம்தான். 29 ஆண்டுக்குப் பின் பாஸ்டனுக்கு ஸ்டான்லி கோப்பை, அதாவது வட அமெரிக்க ஹாக்கி லீக்கின் (என்.எச்.எல்.) சாம்பியன் பட்டம்.

இதைக் குருட்டுத் துணிச்சல் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பக் தவறினாலும் திரும்பி ஓடிப் பிடித்துவிடும் வேகம் அவருக்கு இருந்தது. சாக்ஸ்கூடப் போடாமல் வெறுங்காலை ஸ்கேட்டுக்குள் விட்டு ஆடியவர். 1970-71 சீசனில் அவருடைய பிளஸ்-மைனஸ் +124. பவர் பிளேயில், அதாவது எதிரணி தண்டனையால் ஆள் குறைந்து ஆடும்போது, அடிக்கும் கோல்கள் இதில் சேராது. அவற்றைக் கழித்த பிறகும், அவர் களத்தில் இருந்தபோது பாஸ்டன் வாங்கியதைவிட 124 கோல் அதிகம் அடித்திருக்கிறது என்று அர்த்தம். இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை. 1970, 1975 என்று இரண்டு முறை லீக்கிலேயே அதிகப் புள்ளி (அடித்த கோலுக்கும், கோலுக்கு உதவிய பாஸுக்கும் தலா ஒன்று) எடுத்தவர் ஒரு தடுப்பாட்டக்காரர்! அவருக்கு முன்னும் பின்னும் வேறு எந்தத் தடுப்பாட்டக்காரரும் அதைச் செய்ததில்லை.

இடது முழங்கால்தான் கைவிட்டது. அந்தக் காலத்தில் மூட்டைப் பெரிதாகத் திறந்து, கிழிந்த குருத்தெலும்பை வெட்டி எடுத்துவிடுவார்கள். மெத்தைபோல் இருந்தது போய்விட்டால் எலும்போடு எலும்பு உரசும். தேய்ந்துகொண்டே போகும், திரும்ப வளராது. மொத்தம் 657 ஆட்டம், 915 புள்ளி, 30 வயதில் ஓய்வு.

நாடுகளுக்கு இடையிலான 1976 கனடா கோப்பைத் தொடரை அந்தக் காலோடுதான் ஆடினார். 7 ஆட்டத்தில் 9 புள்ளி, தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அதன் பிறகு, தான் மாறிய சிகாகோ அணிக்காக அவரால் ஆட முடிந்தது 26 ஆட்டங்கள்.