கேரி ஹார்ட்டை வீழ்த்தியது அந்தப் படம் அல்ல

மடியில் ஒரு பெண், 'மங்கி பிசினஸ் க்ரூ' என்று எழுதிய டி-ஷர்ட்டில் அமெரிக்க ஜனநாயகக் கட்சி அரசியல்வாதி கேரி ஹார்ட். "இந்த ஒரே படம்தான் 1988 அமெரிக்க அதிபர் தேர்தலில் முன்னணியில் இருந்தவரை வீட்டுக்கு அனுப்பியது, 'என் பின்னால் வந்து பாருங்கள்' என்று அவரே சவால் விட்டதால் நிருபர்கள் போனார்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

தேதிகளைப் பாருங்கள். ஹார்ட் போட்டியிலிருந்து விலகியது 1987 மே 8. அந்தப் படம் 'நேஷனல் என்க்வயரர்' இதழில் வந்ததோ மே மாதக் கடைசியில். விலகியவரை எப்படி வீழ்த்த முடியும்?

சரி, சவால்? 'மயாமி ஹெரால்டு' நிருபர்கள் வாஷிங்டனில் அவர் வீட்டருகே காத்திருந்ததற்குக் காரணம், அவருக்கு ஒரு பெண்ணுடன் தொடர்பு இருப்பதாகப் பெயர் சொல்லாமல் தொலைபேசியில் வந்த ஒரு தகவல். சவால் இடம்பெற்ற 'நியூயார்க் டைம்ஸ்' கட்டுரையும் ஹெரால்டு செய்தியும் ஒரே நாளில், மே 3 ஞாயிறன்று அச்சில் வந்தன. அந்தச் சவாலை ஹார்ட் சொன்னது உண்மை. ஆனால் ஹெரால்டைக் கிளப்பியது அது அல்ல.

அவரைச் சாய்த்தது அடுத்த ஐந்து நாட்கள். மே 6 அன்று நியூ ஹாம்ப்ஷயரில், பிற பெண்ணுடன் உறவு வைத்ததுண்டா என்று ஒரு நிருபர் நேருக்கு நேர் கேட்டார். ஹார்ட் பதில் சொல்ல மறுத்தார். அப்புறம், வேறொரு பெண்ணைப் பற்றிய தகவலும் 'வாஷிங்டன் போஸ்ட்' கையில் இருப்பது தெரியவந்தது.

டிசம்பரில் மீண்டும் களமிறங்கினார். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நியூ ஹாம்ப்ஷயர் முதற்கட்டத் தேர்தலில் கிடைத்தது ஏறக்குறைய 4 சதவீத வாக்குதான். அதே மாநிலத்தில்தான் 1984-இல் அவர் முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேலையே தோற்கடித்திருந்தார்.