முத்திரை ஏடும் ஹேயின்சாவின் ஜன்னல்களும்
கொரியாவின் பாரம்பரியச் சின்னங்களை ஐந்தே நாளில் சுற்றி, ஒவ்வோர் இடத்திலும் முத்திரை குத்தி வாங்கும் ஏட்டை நிரப்பிவிடலாம் என்கிறது உங்கள் கட்டுரை. நிரப்பலாம்தான், பார்த்ததாகுமா? நானும் அந்த ஏட்டோடு அலைந்தவன். கியோங்ஜு நகரில் முத்திரை குத்தும் இடத்தைத் தேடி ஓடிய அவசரத்தில், சொக்குராம் குகைப் புத்தரைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தது இரண்டு நிமிடம் இருக்கும்.

புத்தி வந்தது ஹேயின்சா பௌத்த மடாலயத்தில். 13ஆம் நூற்றாண்டில் செதுக்கிய 80,000க்கும் மேற்பட்ட திரிபிடக (பௌத்த மறைநூல்) அச்சு மரப்பலகைகள் அங்கே இருக்கின்றன. அவற்றைக் காப்பது குளிரூட்டும் இயந்திரம் அல்ல, ஜன்னல்! முன்சுவரில் கீழ் ஜன்னல் பெரிது, பின்சுவரில் மேல் ஜன்னல் பெரிது. நுழைந்த காற்று உள்ளே சுற்றிவிட்டுத்தான் வெளியேறும். ஈரத்தைச் சீராக வைக்கத் தரைக்கு அடியில் கரி, உப்பு, சுண்ணாம்பு. வெளியே நின்று ஜன்னல் சட்டங்களின் இடுக்கு வழியாகத்தான் எட்டிப் பார்த்தேன். அதற்கே அரை நாள் போயிற்று.

இன்னொன்று. சியோலின் சுங்னேமுன் வாயிலை 'தேசியப் பொக்கிஷம் எண் 1' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எண் போட்டு அழைப்பதை 2021இலேயே கைவிட்டுவிட்டார்கள். 2008இல் அது தீக்கிரையானதையும் 2013இல் சீரமைத்துத் திறந்ததையும் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

என் ஏட்டில் பாதிப் பக்கங்கள் இன்னும் காலிதான்.